எதிர்க்கரை மரம்

12 ஜூன் 1988

அடி எலி,

கொக்கு எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நம்மவர் வீட்டிலேயே தட்டச்சு வேலை கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், அப்புறம் உனக்கு என்ன குறை? கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் யாருடைய தண்ணீர் மோட்டாரையோ கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரு, உங்க ரெண்டு பேரையும் பைத்தியமா அலைய விட்டாரே, அந்தக் கவிஞரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பைத்தியமாகத்தானே அலைந்தோம். நூலகத்தில் வெளியே தர மாட்டோம் என்றார்கள் என்பதற்காக அவருடைய முதல் புத்தகம் முழுவதையும் கையால் எழுதி எடுத்தோமே! பாதி உன் கையெழுத்து, பாதி என் கையெழுத்து. விடுதி அறையில் நீ பென்சிலைக் கொறித்துக்கொண்டே படிப்பாய், நான் உட்கார இடமில்லாமல் ஒற்றைக் காலில் நின்று கேட்பேன். நமக்குப் பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். மரத்தையும் நீரையும் ஒரு உவமைகூட இல்லாமல் எழுதிக் காட்டியவர் அவர் ஒருவர்தான். கல் என்று எழுதினால் அங்கே கல் இருக்கும், எழுதியவர் இருக்க மாட்டார். பதினோரு வருடமாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று அவரிடம் கேள். கேட்கத் தைரியம் இல்லையென்றால் முகத்தைப் பார்த்தாவது சொல்.

இங்கே நீர்மட்ட நிலையத்தில் அதே வேலைதான். காலை ஆறு மணி, நண்பகல், மாலை ஆறு மணி. ஆற்றில் நட்டிருக்கும் அளவுக்கம்பில் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இந்த வாரம் ஆறு நிறைந்துவிட்டது, கம்பின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. நேற்றுக் காலை அதன்மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்துகொண்டு வாலால் எண்ணை மறைத்துவிட்டது. கையைத் தட்டினேன், அதட்டினேன், அசையவே இல்லை. அது எழுந்து போகிறவரைக்கும் ஆற்றுக்கு மட்டமே கிடையாது, போ. பத்து நிமிடம் தாமதம். "ஏம்மா லேட்டு?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பறவை உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் நம்புவார்களா? கடிகாரம் நின்றுவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

சின்னதை இந்த மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் நாள் அழவில்லை. இரண்டாம் நாள்தான் தினமும் போக வேண்டும் என்று தெரிந்து அழுதாள்.

இதோடு ஒன்பது கவிதைகள் வைத்திருக்கிறேன். அவர் வழியில்தான் எழுதிப் பார்த்திருக்கிறேன். 'கல். கல்லின் கீழ் நீர். நீரின் கீழ் கல்' என்று ஒன்று தொடங்குகிறது. வீட்டுக்காரர் இவற்றுக்குத் தந்தி என்று பெயர் வைத்திருக்கிறார். "என்னம்மா, இன்னைக்குத் தந்தி அடிச்சாச்சா?" என்கிறார். நல்ல நேரம் பார்த்து நம்மவரிடம் படித்துக் காட்டு. அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுது. சர்க்கரை தடவாதே. ஏழு வருடமாக யாருக்கும் காட்டாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன், இது எனக்கு வருமா வராதா என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

உன்
கொக்கு

3 ஜூலை 1988

அன்புள்ள கொக்கு,

நீ நினைக்கிற மாதிரி மாளிகை எல்லாம் இல்லை. இரண்டு அறை, நடுவில் ஒரு கதவு, அதுவும் சாத்த வராது. ஐயாவுக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது தெரியும், எழுத்து தெரியாது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நான் செய்தித்தாளும் தபாலும் படித்துக் காட்ட வேண்டும், அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்பார். நான் இதுவரை தட்டச்சு செய்தது மின்சார அலுவலகத்துக்கு இரண்டு புகார், வாடகைக்காரருக்கு ஒன்று. கவிதை என்ற சொல்லே அந்த வீட்டில் எழவில்லை. "பார்க்க முடியாதவன் என்னத்தை எழுதறது?" என்று ஒரு நாள் தானாகச் சொன்னார். நீ கேட்கச் சொன்ன கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

உன் கவிதைகளைப் போன செவ்வாய்க்கிழமை படித்துக் காட்டினேன்.  கேட்டுவிட்டு ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு, "இந்தம்மா எழுதிக்கிட்டே இருக்கணும். நிறுத்தவே கூடாது" என்றார். அவர் வாயிலிருந்து வந்தது அப்படியே இது. போதுமா?

அதனால் எழுது. கடிதமும் நீளமாக எழுது. அங்கே ஆற்றில் என்ன நடக்கிறது, என்ன வந்தது, என்ன போனது எல்லாம் விவரமாக எழுது. இந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். எனக்கும் கொஞ்சம் காற்று வேண்டாமா?

அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணி நலம், அவள் வாயும் நலம்.

எலி

20 நவம்பர் 1988

என் தங்க எலி,

நீ எழுதிய அந்த இரண்டு வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கேட்காதே. பதிவேட்டு அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு எண் எழுதத் திறக்கும்போது முதலில் அதுதான் கண்ணில் படும். போன மாதம் எனக்கு மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றம் கொடுக்கிறோம் என்றார்கள். மேசை வேலை, மின்விசிறி, சனிக்கிழமை அரை நாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஆத்தைக் கட்டிக்கிட்டு அழு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நம்மவரே நிறுத்தக் கூடாது என்று சொன்ன பிறகு ஆற்றை விட்டுவிட்டு நான் எங்கே போய் எழுதுவது?

வெள்ளம் வந்து போனது. மூன்று நாள் வீட்டுக்கே போகாமல் மணிக்கு ஒரு முறை மட்டம் பார்த்தேன். ஒரு கதவு மிதந்து போனது, தாழ்ப்பாள் போட்டபடி. ஒரு பாம்பு, கரை மேட்டில் வெள்ளத்துக்கென்று நட்டிருக்கும் உயரக் கம்பைச் சுற்றிக்கொண்டு நான்கு மணி நேரம் இருந்தது. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஒவ்வொரு எண்ணாக மேலே ஏறியது, அன்றைக்கு மட்டம் சொன்னது அதுதான். வடிந்த மறுநாள் காலை பார்த்தால், எதிர்க்கரையில் ஒரு மொட்டை மரம் இருக்கிறதே, நான் இங்கே வந்த நாளிலிருந்து இலையே பார்க்காத மரம், அது உச்சியிலிருந்து அடி வரைக்கும் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறது! ஒரே ராத்திரியில்! செத்த மரம் என்று நினைத்திருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டே, அதில்கூட எழுதிவிட்டேன்.

வெள்ளத்துக்குப் பிறகு சின்னதுக்குக் காய்ச்சல். இருபது நாள். பன்னிரண்டாம் நாள் என்னையே யாரென்று தெரியாமல் விழித்தாள். அந்த ஒரு நாளை நான் எப்படித் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. இப்போது எழுந்து நடக்கிறாள், முடிதான் கொட்டிவிட்டது. போன இரண்டு கடிதத்திலும் நீ அவளைப் பற்றிக் கேட்கவே இல்லையே, அடியே, நீ அவளுக்குப் பெரியம்மா முறை இல்லையா?

பதினான்கு கவிதைகள் இதில் இருக்கின்றன. மீன்கொத்தியை வைத்தும் ஒன்று எழுதியிருக்கிறேன். படித்துக் காட்டு.

கொக்கு

8 பிப்ரவரி 1989

அன்புள்ள கொக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. ஐயா மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார்!

பதினோரு வருடத்துக்குப் பிறகு! அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு நிற்பார். "எலி, கடைசி வரியை எடுத்துடு" என்பார். ஆமாம், உன்னைப் போலவே அவரும் எலி என்றே கூப்பிடுகிறார். இதுவரை பதினெட்டு ஆகிவிட்டது. நான் காலையில் எழுந்ததும் அந்த வீட்டுக்கு ஓடுகிறேன். வயது முப்பத்திரண்டில் எனக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று யார் நினைத்தார்கள்?

உன் கடிதம் வராத வாரம் எங்களுக்கு என்னவோ மாதிரி இருக்கிறது. மழை வந்ததா, மட்டம் என்ன, பாம்பு மறுபடி வந்ததா, எல்லாம் எழுது. கவிதை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, கடிதம் நீளமாக இருக்கட்டும்.

அவசரம். ஒன்பது மணி ஆகப்போகிறது.

எலி

6 ஆகஸ்ட் 1989

அன்புள்ள எலி,

புத்தகம் வந்துவிட்டது. நீ அனுப்புவாய் என்று ஒரு மாதம் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பெரிய இடத்துப் பெண் ஆகிவிட்டாய், நாங்கள் பதிப்பகத்துக்கு எழுதித்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. போகட்டும். நாற்பது கவிதைகள். ஒரே மூச்சில் விழுங்கிவிடக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். காலை மட்டம் பார்த்து எழுதிய பிறகு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் பக்கம் திருப்பக் கூடாது. இன்று ஆறாவது.

ஆறாவது என்ன தெரியுமா? உனக்குத் தெரியாமல் இருக்குமா, நீதானே தட்டியவள்.

அளவுக்கம்பின் மேல் பறவை.
எண் தெரியவில்லை.
அது பறக்கும் வரை
ஆற்றுக்கு மட்டம் இல்லை.

நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதே பறவை, இதே கம்பு! நானும் பார்த்திருக்கிறேன், நானும் இதை எழுதிப் பார்த்தேனே, உனக்கு அனுப்பிய பதினான்கில் இருந்தது. என்னுடையதில் பறவை மட்டும்தான் இருந்தது, ஆற்றுக்கு மட்டம் இல்லாமல் போனது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு எப்படித் தோன்றியது பார்! கண் தெரியாத மனுஷர் ஜன்னலோரம் நின்றுகொண்டு இங்கே என் கரையில் நடப்பதைச் சொல்கிறார். எலி, எனக்கு வந்த பெருமையை உன்னிடம்தான் சொல்ல முடியும். இத்தனை வருடம் அவரைப் படித்துப் படித்து நானும் அவர் பார்க்கிற மாதிரியே பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அந்தத் தைரியத்தில் ஒரு காரியம் செய்யப் போகிறேன். என்னுடையதில் முப்பதைப் பொறுக்கி எடுத்து, நாம் விடுதியில் சண்டை போட்டுப் படிப்போமே, அந்தப் பத்திரிகைக்கு நாளை மறுநாள் அனுப்புகிறேன். அவர்கள் புத்தகமாகவும் போடுகிறார்கள். ஐயா இரண்டு வரி முன்னுரை தருவாரா? இரண்டே வரி. "நிறுத்தக் கூடாது" என்று சொன்னாரே, அதையே எழுதினாலும் போதும்.

சின்னதுக்கு முடி வளர்ந்துவிட்டது. சுருட்டை. யார் பக்கத்துச் சுருட்டை என்று வீட்டில் வழக்கு நடக்கிறது.

கொக்கு

20 ஆகஸ்ட் 1989

அன்புள்ள கொக்கு,

பத்திரிகைக்கு இப்போது அனுப்பாதே. அனுப்பியிருந்தால் திருப்பிக் கேள். காரணம் நேரில் சொல்கிறேன்.

ஐயாவுக்கு உடம்பு சரியில்லை. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அவருடைய மகள் வந்திருக்கிறாள். முன்னுரை கேட்கிற நிலையில் அவர் இல்லை, கொஞ்சம் பொறு. புத்தகத்தை மெதுவாகவே படி. அவசரமே இல்லை.

எலி

9 செப்டம்பர் 1989

எலி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பியாகிவிட்டது. ஒன்றாம் தேதி திரும்பியும் வந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியர் தன் கையால் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்: 'அம்மா, அவர் புத்தகம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மீன்கொத்தி, மிதக்கும் கதவு, கம்பில் ஏறும் பாம்பு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வார்த்தையை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அவரை நேசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நேசிப்பவர்கள் திருடுவதில்லை.'

அன்று முழுவதும் என்ன ஆயிற்று என்று வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் அந்தக் குறிப்பை அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "கதவு மிதந்து போச்சுன்னு நீ வந்து சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கே. இவரு யாரு உன்னைத் திருடின்னு சொல்ல?" என்று சத்தம் போட்டார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. உறைக்க ஆரம்பித்திருந்தது. பத்தாவது கவிதையில் தாழ்ப்பாள் போட்ட கதவு வந்தது. பதினேழில் பாம்பு. நாள் ஆக ஆகப் பெருமை குறைந்துகொண்டே வந்தது. எல்லா ஆறும் ஆறுதானே, எல்லா வெள்ளத்திலும் கதவு மிதக்கும்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு அடுத்த நாள் அடுத்த பக்கம் திருப்பினேன்.

இரண்டாம் தேதி முப்பத்து மூன்றாவது.

வெள்ளம் வடிந்த காலை.
எதிர்க்கரையில் செத்த மரம்
உச்சி முதல் அடி வரை
வெள்ளையாய்ப் பூத்தது.

எலி, உனக்கு ஒன்று சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த மரம் பூக்கவே இல்லை. உனக்கு அந்தக் கடிதத்தைப் போட்ட மறுவாரம், நான் பதிவேட்டில் எழுதியதைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் "எந்த மரம், என்ன பூ?" என்று கேட்டார். படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனேன். கிட்டே போய்ப் பார்த்தால் தெர்மோகோல். வெள்ளத்தில் எந்தக் கிடங்கிலிருந்தோ அடித்துக்கொண்டு வந்து, துண்டு துண்டாக உடைந்து, தண்ணீர் மரத்தின் உச்சி வரைக்கும் ஏறி இறங்கியபோது கிளைக்குக் கிளை சொருகிவிட்டுப் போயிருக்கிறது. படகுக்காரர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான் பதிவேட்டில் அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன். உனக்கு எழுதித் திருத்தவில்லை. அத்தனை ஆசையாக எழுதிவிட்டு, அது வெறும் குப்பை என்று எப்படி எழுதுவது?

எந்த ஆற்றங்கரையிலும் யாரும் அந்த மரத்தைப் பார்த்திருக்க முடியாது. அது என்னுடைய தப்பு. என் கண் செய்த தப்பு. உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் அது பூத்தது, உனக்கு நான் எழுதிய கடிதத்தில்.

அதற்கு மேல் நான் பக்கம் திருப்பவில்லை. ஒரு வாரம் இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். என்ன நடந்தது என்று சொல். என் கடிதங்களை எல்லாம் திருப்பி அனுப்பு.

கொக்கு

28 அக்டோபர் 1989

கொக்கு,

ஐயா போன மாதம் இருபத்தொன்றாம் தேதி போய்விட்டார். செய்தித்தாளில் பார்த்திருப்பாய். அதற்கு முன் உனக்குப் பதில் எழுத எனக்கு வாய்க்கவில்லை என்று எழுத ஆரம்பித்தேன், கிழித்துவிட்டேன். வாய்த்தது. தைரியம்தான் இல்லை.

உன் கவிதைகளை அவரிடம் படித்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். உன் ஒன்பதில் மூன்றைப் படித்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "போதும். இது நான் எழுதி நானே தூக்கிப் போட்டது. எழுதினவங்களுக்குக் கண்ணே இல்ல" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்கிற வேகத்தில், கையில் இருந்த உன் கடிதத்தையே எடுத்துப் படித்தேன். பறவை உட்கார்ந்த இடம் வந்ததும் "இன்னொரு தடவை படி" என்றார். மூன்று தடவை படித்தேன்.  "இந்தக் கடிதம் எழுதினவங்களுக்குக் கண் இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுன்னு சொல்றியே, எனக்கு நம்பிக்கை வரலையே. இந்தம்மா எழுதிக்கிட்டே இருக்கணும், நிறுத்தவே கூடாது" என்றார். உனக்கு நான் எழுதியது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும். பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய எந்தக் கவிதையையும் அவரிடம் நான் படிக்கவில்லை. கடிதங்களைப் படித்தேன். ஒரு நாள், "எலி, காகிதம் போடு" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் மேல் தப்பு இல்லை, கொக்கு. இதை நீ நம்ப வேண்டும். "அவங்ககிட்ட கேட்டியா? இது அவங்க பார்த்தது" என்று கேட்டார். கேட்டுவிட்டேன், சந்தோஷப்பட்டாள் என்று சொன்னேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடச் சொல்லி, 'தன் ஆற்றை எனக்குப் பார்க்கக் கொடுத்த தோழிக்கு' என்று ஒரு வரி சொன்னார். அந்த ஒரு வரியை நான் தட்டவில்லை. அச்சாகி வந்ததும் "முதல் பக்கத்தைப் படி" என்றார். அங்கே இல்லாததை இருப்பதாகப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஏன் என்று கேட்பாய். உனக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நீ கடிதத்தையும் கவிதை மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவாய், கல்லின் கீழ் நீர் என்று. அதோடு அவரும் நின்றுவிடுவார். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பதினோரு வருடம் வாய் திறக்காத மனுஷர் நான் போய் நின்ற பிறகு பேசினார். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நான் இல்லாமல் எதுவும் நடக்காது. நீ நடுவில் வந்துவிட்டால் நான் வெறும் தட்டச்சுக்காரிதானே?

கடிதங்களைக் கேட்டிருக்கிறாய். முழுதாக இல்லை. ஐயா திரும்பத் திரும்பக் கேட்பார் என்று ஆறு வருகிற பகுதிகளைக் கத்தரியால் வெட்டித் தாளில் ஒட்டி ஒரு கோப்பில் வைத்திருந்தேன். அவருடைய மகள் அதையும் சேர்த்து மற்ற காகிதங்களோடு மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டாள். மிச்சப் பகுதிகள், உன் வீட்டு விஷயம், பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. உண்மையைச் சொல்கிறேன், சிலவற்றை நான் படித்தேனா என்றுகூட எனக்கு நிச்சயம் இல்லை. ஆறு எங்கே வருகிறது என்று தேடித் தேடி எனக்கு அப்படி ஆகிவிட்டது.

நீ சொன்னால் அந்தப் பத்திரிகைக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன். என் பெயரைப் போட்டே எழுதுகிறேன். என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், எனக்கு எழுதுவதை நிறுத்திவிடாதே.

எலி

10 நவம்பர் 1989

எலி,

பத்திரிகைக்கு எழுத வேண்டாம். நீ எழுதினால் செத்துப்போன மனுஷரைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். அவரோ கேட்கச் சொல்லியிருக்கிறார், நன்றியும் சொல்லியிருக்கிறார். அவரை நான் ஏன் தெருவில் இழுக்க வேண்டும்? மிச்சம் இருந்த ஏழு கவிதைகளையும் உன் கடிதம் வந்த அன்று ஒரே மூச்சில் படித்தேன். நன்றாக இருக்கின்றன. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு நாள் ஆற்றுப்பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே போய் எண்ணை மட்டும் பார்த்து எழுதிவிட்டு வந்தேன்.

எடுத்ததற்காக எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இது எனக்கு வருமா வராதா என்று ஒருவராவது சொல்ல வேண்டும் என்று உன்னிடம்தானே கேட்டேன்? சர்க்கரை தடவாதே என்று உன்னிடம்தானே சொன்னேன்? ஒருவர் சொல்லியிருக்கிறார். உலகத்தில் யார் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ அவரே சொல்லியிருக்கிறார். இது உன்னுடையது இல்லை, தூக்கிப் போடு, உன் கண் வேறு இடத்தில் இருக்கிறது என்று. அதைக் கேட்டிருந்தால் அன்று அழுதிருப்பேன். ஒரு மாதம் சோறு இறங்கியிருக்காது. அப்புறம் எழுந்து உட்கார்ந்து என்னுடையதை எழுதியிருப்பேன். நீ அதை ஒன்றரை வருடம் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாய். அந்த ஒன்றரை வருடமும் நான் மாற்றத்தை வேண்டாம் என்றுவிட்டு, வீட்டில் மனக்கசப்பைச் சம்பாதித்து, அவர் தூக்கிப் போட்டதையே தினமும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'எழுது' என்றாய்.

தெரிந்தால் கடிதத்தையும் கெடுத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். கெடுத்திருக்கலாம். கெடுத்துவிட்டுத் திருந்தியும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவள் நான்.

சின்னதுக்கு என்னையே தெரியாமல் போன அந்த நாளைப் பற்றி உனக்கு மட்டும்தான் எழுதினேன். வீட்டுக்காரரிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. அதை நீ கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறாய். படித்தேனா என்று நிச்சயம் இல்லை என்கிறாய். பாம்பு எந்த எண்ணில் ஏறியது என்பது மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. விடுதியை விட்டு வந்த நாளிலிருந்து நான் ஒரு தோழிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். கடைசி ஒன்றரை வருடம் அந்த முகவரியில் என் தோழி இருக்கவில்லை.

எழுதுவதை நிறுத்திவிடாதே என்று கேட்கிறாய். எழுதுவதை நிறுத்த மாட்டேன். உனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன். இதுதான் கடைசி.

இன்று காலை தலையை நிமிர்த்தித்தான் ஆற்றைப் பார்த்தேன். மட்டம் பார்த்து எழுதிவிட்டுத் திரும்பும்போது நடு ஆற்றில் ஒன்றைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அது போகிற வரைக்கும் கரையிலேயே நின்றேன்.

அது என்ன என்று உனக்குச் சொல்லப் போவதில்லை.

கொக்கு